4கே போடும் லெப்டொப், அகல மொனிட்டரில் ஏன் தடுமாறுகிறது?

ஹட்டனில் வீட்டில் இருந்தபடியே கொழும்புக் கம்பெனிக்குக் கணக்குப் பார்ப்பவருக்கும், பண்டாரவளையில் கலியாண ஆல்பம் செய்கிற ஸ்டுடியோக்காரருக்கும் அகல மொனிட்டர் பெரிய வசதிதான். எக்செல் தாளைப் பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டாம். ஆல்பத்தின் இரண்டு பக்கங்களையும் விரித்துப் போட்டு வேலை செய்யலாம். ஆனால் லெப்டொப்பில் மாட்டியதும் பலருக்குக் கிடைப்பது 1920×1080 புள்ளிகள்தான். படம் பக்கவாட்டில் இழுபட்டு, வட்டம் முட்டையாகத் தெரியும். உடனே "மொனிட்டர் பழுது" என்று முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் மொனிட்டரில் ஒரு குறையும் இருக்காது.

கொழும்பில் இருப்பவர் பிழையான கேபிள் வாங்கினால், மாலையில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா பக்கம் போய் வேறொன்று வாங்கிவிடலாம். மலையில் இருப்பவருக்கு அது ஒரு நாள் பஸ் பயணம், இல்லாவிட்டால் கூரியர் வரும்வரை காத்திருப்பு. அதனால் எங்கே தடங்கல் என்பதைக் காசு கொடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும்.

அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒரு கணக்கு. "என் லெப்டொப் 4கே போடும். 3440×1440 அதைவிடச் சின்னதுதானே?" 4கே என்பது 3840×2160 புள்ளிகள், 3440×1440 என்பது அகல மொனிட்டரின் அளவு; புள்ளிகளை மட்டும் எண்ணினால் சரிதான். ஆனால் ஒரு வினாடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பழைய எச்.டி.எம்.ஐ. போர்ட்டில் 4கே என்றால் 30 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 30 தடவை: வினாடிக்குச் சுமார் 24.9 கோடிப் புள்ளிகள். 3440×1440ஐ 60 ஹெர்ட்ஸில் ஓட்டினால் 29.7 கோடி. சின்ன மொனிட்டர்தான் அதிகம் கேட்கிறது!

இன்டெல் நான்காம் தலைமுறையில் இருந்து எட்டாம் தலைமுறை வரையான லெப்டொப்களில், சிப்பில் இருந்து நேரடியாக வரும் எச்.டி.எம்.ஐ. 300 மெகாஹெர்ட்ஸுடன், அதாவது வரிகளுக்கும் படங்களுக்கும் நடுவில் விடும் காலி இடைவெளிகளையும் சேர்த்து வினாடிக்கு 30 கோடிப் புள்ளிகளுடன், நின்றுவிடும். 4கே 30 ஹெர்ட்ஸுக்கு 297 போதும், அது மயிரிழையில் தப்பிவிடுகிறது. 3440×1440க்கு 60 ஹெர்ட்ஸில், இடைவெளிகளைக் குறைத்தாலும், சுமார் 320 தேவை. அதனால்தான் விண்டோஸ் பட்டியலில் அந்தத் தெரிவே வராது, அல்லது 30 ஹெர்ட்ஸில் மட்டும் வந்து மவுஸ் இழுத்து இழுத்து நகரும். 50 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 265தான். மொனிட்டர் ஏற்றுக்கொண்டால் அதே போர்ட்டில் முழு அகலமும் கிடைத்துவிடும். பட்டியலில் 50 இல்லாவிட்டால் இன்டெல்லின் கிராஃபிக்ஸ் மென்பொருளில் 'கஸ்டம் ரெசொலூஷன்' என்று ஒன்றைச் சேர்த்துப் பார்க்கலாம். எக்செல், வேர்ட் வேலைக்கு 50க்கும் 60க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண் பெரிதாகக் கவனிக்காது என்பது என் எண்ணம்.

பாவித்த லெப்டொப் வாங்கியவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். உதாரணத்துக்கு, 2018இல் வந்த திங்க்பேட் டி480. அதில் இருக்கும் எச்.டி.எம்.ஐ. 1.4 வகைதான், மேலே சொன்ன பழைய வகை. ஆனால் பக்கத்திலேயே இருக்கும் டைப்-சி துளைகள் டிஸ்ப்ளேபோர்ட் (எச்.டி.எம்.ஐ. போலப் படம் அனுப்பும் இன்னொரு வகை இணைப்பு) சிக்னலையும் அனுப்பும். எச்.டி.எம்.ஐ.யோடு மல்லுக்கட்டாமல், டைப்-சியில் இருந்து டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் ஒரு கேபிளைப் போட்டால் 60 ஹெர்ட்ஸ் தானாக வந்துவிடும். இருக்கிற துளைகளில் எது அதிகம் அனுப்பும் என்று பார்க்காமல், கைக்குக் கிடைத்ததில் செருகுவதுதான் பிரச்சினை.

அடுத்தது கேபிள். "2.1 கேபிள் போடுங்கள் தம்பி, எல்லாம் வரும்" என்று கடையில் சொன்னால் நம்ப வேண்டாம். நல்ல கேபிள் தடையை நீக்கும், ஆனால் போர்ட்டின் அளவைக் கூட்டாது. 1.4 போர்ட்டில் எவ்வளவு விலைக்குக் கேபிள் மாட்டினாலும் அது 1.4தான். மறுபக்கம், அதைவிடப் புதிய 2.0 போர்ட் இருந்தும் பழைய டி.வி.யில் இருந்து கழற்றிய கேபிளைப் போட்டால் திரை விட்டு விட்டுக் கறுக்கலாம். முடிந்தவரை மொனிட்டர் பெட்டியில் வந்த கேபிளையே போடுங்கள், நீளம் இரண்டு மீற்றருக்குள் இருக்கட்டும்.

மாற்றிக் கேபிள்களில் திசை முக்கியம். டிஸ்ப்ளேபோர்ட்டில் இருந்து எச்.டி.எம்.ஐ.க்கு என்று விற்கும் மலிவான கேபிள் ஒரு பக்கமாகத்தான் வேலை செய்யும்: லெப்டொப்பில் டிஸ்ப்ளேபோர்ட், மொனிட்டரில் எச்.டி.எம்.ஐ. அதைத் திருப்பிப் போட்டால் கறுப்புத் திரைதான். லெப்டொப்பில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருந்து மொனிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போக வேண்டுமென்றால், யூ.எஸ்.பி.யில் மின்சாரம் எடுக்கும் தனிக் கன்வேர்ட்டர் வேண்டும். அதுவும் லெப்டொப்பின் எல்லையைத் தாண்டாது. வி.ஜி.ஏ. என்ற பழைய போர்ட் வழியாக முயல்வதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டைப்-சி துளை இருந்தாலே படம் வரும் என்பதும் இல்லை. சில துளைகள் டேட்டாவுக்கு மட்டும், சிலவற்றில் சார்ஜும் ஏறும், சிலவற்றில்தான் டிஸ்ப்ளேபோர்ட். பக்கத்தில் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் மொடல் எண்ணைப் போட்டுத் தயாரிப்பாளரின் கையேட்டைப் படியுங்கள். டைப்-சி ஹப் (ஒரு துளையில் செருகிப் பல போர்ட்களாக்கும் சாதனம்) வாங்கும்போது பெட்டியில் வெறும் '4கே' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸ். '4கே 60' என்று எழுதியதையே எடுங்கள். 5120×1440 போன்ற மிக அகல மொனிட்டருக்கு ஹப்பே வேண்டாம், நேரடிக் கேபிள்தான்.

சரி, கேபிள் சரி, போர்ட்டும் சரி, அப்படியும் வரவில்லையா? மொனிட்டரின் மெனுவுக்குள் போங்கள். சில மொனிட்டர்களில் எச்.டி.எம்.ஐ. 1.4 வகையிலேயே வைக்கப்பட்டிருக்கும், 2.0க்கு நாம்தான் மாற்ற வேண்டும். பாவித்த மொனிட்டராக இருந்தால் முந்தியவர் திரையை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கலாம். அந்த நிலையில் 3440 அகல மொனிட்டர், தான் 1720 அகலம்தான் என்று லெப்டொப்பிடம் சொல்லும். லெப்டொப் அதை அப்படியே நம்பும்.

விண்டோஸ் புதிதாகப் போட்ட லெப்டொப்பில் டிவைஸ் மனேஜரைத் திறந்து பாருங்கள். 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தால் கிராஃபிக்ஸ் சிப்பை இயக்கும் டிரைவர் மென்பொருள் இல்லை என்று அர்த்தம். அது இல்லாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. அதேபோல இரண்டு திரையிலும் ஒரே படம் காட்டும் 'டூப்ளிகேட்' நிலையில், லெப்டொப்பின் சின்னத் திரைக்கு ஏற்றபடி பெரிய மொனிட்டரும் சுருங்கிப்போகும். விண்டோஸ் பொத்தானையும் பி எழுத்தையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' ஆக்குங்கள்.

பாவித்த மொனிட்டர் வாங்கப் போகும்போது உங்கள் லெப்டொப்பையும் கேபிளையும் கொண்டுபோங்கள். கடையில் மாட்டியதும் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் 'அட்வான்ஸ்ட் டிஸ்ப்ளே' பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அங்கே டெஸ்க்டொப் அளவு ஒன்று, 'அக்டிவ் சிக்னல்' அளவு ஒன்று என்று இரண்டு இருக்கும். டெஸ்க்டொப் 3440×1440 என்று காட்டியும் அக்டிவ் சிக்னல் 1920×1080 என்று இருந்தால், கேபிளில் உண்மையில் போவது சின்னப் படம்தான். இரண்டும் ஒன்றாக வரும்வரை காசை எடுக்க வேண்டாம்.