டைக்ளோஃபெனாக் லிபோசோம்: முதல் தடவை செய்கிறவர்களுக்கு

ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கப் போகும் என் பெரியம்மாவுக்கு முழங்கால் வலி. மாத்திரை போட்டால் வயிறு எரிகிறது, அதனால் டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து கலந்த ஜெல் தேய்க்கிறார். ஆனால் தோலின் மேலடுக்கு 10-20 மைக்ரான்தான் இருந்தாலும், செத்த செல்களைச் செங்கல்லாக அடுக்கி இடையில் கொழுப்பைப் பூசிய சுவர் அது. நீரில் கரையும் டைக்ளோஃபெனாக் சோடியம் அதை லேசில் தாண்டாது. அதனால்தான் லிபோசோம் என்ற நுண்ணிய கொழுப்புக் குமிழுக்குள் அடைத்து அனுப்பிப் பார்க்கிறோம். சேலத்தில் பி.ஃபார்ம் படிக்கும் தம்பி தங்கைகள் ப்ராஜெக்டுக்காக இதைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் சோயா லெசித்தின் 7 பங்கு, கொலஸ்ட்ரால் 3 பங்கு எடுத்து, ஃப்யூம் ஹூடுக்குள் வைத்துக் குளோரோஃபார்மில் கரையுங்கள். அப்புறம் உருண்டை ஃபிளாஸ்கில் ஊற்றி, ரோட்டரி எவாப்பரேட்டரில் (ஃபிளாஸ்கைச் சுற்றிக்கொண்டே குளோரோஃபார்மை ஆவியாக்கும் கருவி) 40 டிகிரியில் சுற்றவிடுங்கள்.

இங்கேதான் அவசரப்படவே கூடாது. கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கப் பாலாடை மாதிரி மெல்லிய படலம் ஒரே சீராகப் படிய வேண்டும். ஒரு பக்கம் திட்டுத் திட்டாகத் தடித்திருந்தால், திரும்பக் கரைத்துவிட்டு மறுபடி சுற்றுங்கள், வேறு வழியில்லை. படிந்த பிறகும் ராத்திரி முழுக்க வேக்குவத்தில் வையுங்கள், குளோரோஃபார்ம் துளிகூட மிஞ்சக் கூடாது.

மறுநாள், மருந்தைக் கரைத்த 7.4 பிஹெச் பஃபரை (பிஹெச் மாறாமல் பார்த்துக்கொள்ளும் கரைசல்) ஊற்றி ஒரு மணி நேரம் மெதுவாகச் சுற்றுங்கள். படலம் உரிந்து உரிந்து கலந்து, தண்ணீர் பால் போல வெளுக்கும். அந்த நேரத்தில்தான் குமிழ்கள் மருந்தை உள்ளே வாங்குகின்றன. அடுத்து, ஒலி அலையால் குமிழை உடைத்துச் சிறிதாக்கும் சோனிகேட்டர், பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள், சூடேறினால் லெசித்தின் கெடும். வெண்மை குறைந்து லேசான நீலம் தட்டினால் குமிழ் சிறுத்துவிட்டது என்று அர்த்தம். குமிழுக்குள் போகாத மருந்தை டயாலிசிஸ் பையில் (மருந்து வெளியேறும், குமிழ் உள்ளேயே நிற்கும் சவ்வுப் பை) பிரித்துவிட்டு, மிச்சத்தை 4 டிகிரியில் வையுங்கள். உறைய விடாதீர்கள்.

சாதாரண லிபோசோம் பெரும்பாலும் மேலடுக்கிலேயே தங்கிவிடும். வலி இருப்பது மூட்டில் என்பதால், கொலஸ்ட்ராலுக்குப் பதில் சோடியம் கோலேட் என்ற பித்த உப்பைச் சேர்த்து வளைந்து நுழையும் குமிழும் ஒரு தொகுதி செய்யுங்கள் என்பேன். 1990-களில் கிரெகோர் செவ்க் கொண்டுவந்த டிரான்ஸ்ஃபெர்சோம் இந்த வகைதான்.

சோதனைக்கு ஃபிரான்ஸ் செல் (நடுவில் தோலை வைத்து, மேலறையிலிருந்து கீழறை பஃபருக்கு எவ்வளவு மருந்து இறங்குகிறது என்று பார்க்கும் கருவி), பன்றிக் காது தோல், தோல் பரப்பில் 32 டிகிரி. இரண்டு தொகுதியோடு வெறும் டைக்ளோஃபெனாக் கரைசலையும் பக்கத்தில் ஓட்டுங்கள். கீழறையிலிருந்து மாதிரி எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அதே அளவு புது பஃபரை ஊற்றிவிடுங்கள். மனிதத் தோலில் மட்டும் தேய்த்துப் பார்க்க வேண்டாம், பெரியம்மாவே கேட்டும் நான் கொடுக்கவில்லை.