கடன் ஆய்வு வேலையில் புதிதாகச் சேர்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் பி.காம். முடித்துவிட்டு ஃபைனான்ஸ் கம்பெனியில் கிரெடிட் ஆபீசராகச் சேர்கிற பிள்ளைகள் நிறைய. அவர்கள் சறுக்குகிற இடங்கள் கிட்டத்தட்ட ஒன்றேதான், நானும் அங்கேதான் சறுக்கினேன்.

முதல் தவறு, கணக்கில் வந்து விழுந்த பணத்தையெல்லாம் வருமானம் என்று எடுத்துக்கொள்வது. ஆம்பூரில் ஷூ கம்பெனிக்குக் கூலிக்கு ஷூ அப்பர் (மேல்பாகம்) தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் யூனிட் ஒன்றின் ஃபைல் என்னிடம் வந்தது. மாதம் 4 லட்சம் வரவு, ஒரு செக் கூட பவுன்ஸ் இல்லை, 25,000 ரூபாய் இஎம்ஐ தாராளமாகக் கட்டுவார் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் ஸ்டேட்மென்ட்டைத் திருப்பி வைத்து, "டெபிட் பக்கம் பார்த்தியா தம்பி?" என்றார். சனிக்கிழமை தவறாமல் 70, 80 ஆயிரம் வெளியே போயிருக்கிறது, தையல்காரர்களின் வாரக் கூலி. நூல், பசை, கரண்ட் பில், ஷெட் வாடகை எல்லாம் போனால் கையில் நிற்பது 35,000, அதில்தான் குடும்பமும் நடக்கணும். அதோடு, ஷூ கம்பெனியிலிருந்து பில் பணம் ஒரு மாதம் 3-ஆம் தேதி வந்தால் இன்னொரு மாதம் 22-ஆம் தேதி வருகிறது, நான் போட்டிருந்த தவணைத் தேதியோ 5. கடன் தொகையைப் பாதிக்கு மேல் குறைத்து, தேதியையும் தள்ளிப் போட்டுத்தான் கொடுத்தோம்.

அப்புறம் சிபில், அதாவது ஒருவர் இதுவரை வாங்கிய கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் ரிப்போர்ட். ஸ்கோர் 300-லிருந்து 900 வரை போகும், 750-ஐத் தாண்டியதும் மீதி ரிப்போர்ட்டைப் படிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். 'செட்டில்டு' என்று இருந்தால் கடனை முழுசாக அடைத்துவிட்டார் என்று அர்த்தமில்லை, குறைத்துப் பேசி முடித்திருக்கிறார். முழுசாகக் கட்டியிருந்தால் 'குளோஸ்டு' என்றுதான் வரும். இன்னொரு பக்கம், குடியாத்தம், பேர்ணாம்பட்டில் பீடி சுற்றும் அக்காக்களில் ஸ்கோரே இல்லாதவர்கள் இருப்பார்கள். இதுவரை வங்கிக் கடன் வாங்கியதில்லை, அவ்வளவுதான். அதற்காக ஃபைலைத் தள்ளுவது அநியாயம். அவர்களிடம் உட்கார்ந்து பேசணும். ஏலச்சீட்டும் வார வட்டியும் எந்த ரிப்போர்ட்டிலும் வராது, கேட்டால்தான் தெரியும். ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குக் கொடுக்கிற நுண்கடனில், எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-லேயே சொல்லிவிட்டது. அந்தக் கணக்கில் கணவர் பேரில் இருக்கும் கடனும் சேரும், அதை விட்டுவிடாதீர்கள்.

நேரில் விசாரிக்கப் போகும்போது எதிர் டீக்கடையில் நின்று, "இவர் லோன் கேட்டிருக்காரே, ஆள் எப்படி?" என்று கேட்காதீர்கள். அந்தத் தெருவில் அவர் மானம் போய்விடும். எத்தனை வருஷமாகக் கடை நடக்கிறது, எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்று பொதுவாகக் கேட்டாலே போதும்.

கடைசியாக வசூல். பாவம், அடுத்த வாரம் கட்டிவிடுவார் என்று நாமே நினைத்துக்கொண்டு போன் பண்ணாமல் இருப்பதுதான் இங்கே நடக்கும் தவறு. 30, 60 என்று நாள் ஓடி 90-ஐத் தாண்டினால் அது வாராக்கடன், அதற்குள் அவருக்கு இரண்டு மூன்று தவணை சேர்ந்து மூச்சு முட்டிப்போயிருக்கும். தவறிய மறுநாளே பேசுங்கள். காலை 8 மணிக்கு முன்னாலும் இரவு 7 மணிக்குப் பின்னாலும் கூப்பிடக்கூடாது, நுண்கடன் என்றால் காலை 9 மணிக்கு முன்னாலும் மாலை 6 மணிக்குப் பின்னாலும் கூடாது. "எப்போ பணம் வரும் அண்ணா?" என்று மரியாதையாகக் கேட்டு, அவர் சொல்லும் தேதியை அப்படியே குறித்து வையுங்கள், அடுத்த போன் அந்தத் தேதியில் போகட்டும்.