கைராசி டாக்டரைத் தேடி: குழந்தைக்கான சிகிச்சையில் இரண்டாம் கருத்து கேட்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

"அந்த டாக்டர் கைராசிக்காரங்க, அவங்ககிட்ட போற மாசமே கரு நின்னுடும்." கல்யாணமாகி இரண்டு வருடம் தாண்டியும் விசேஷம் இல்லையென்றால், இதை யாராவது ஒருவர் சொல்லாமல் விடமாட்டார்கள். எங்களுக்குச் சொன்னது பெரியம்மா. ஆறு வருடத்தில் மூன்று மருத்துவமனை ஏறி இறங்கினோம். இன்னொரு டாக்டரைப் பார்த்ததில் தவறே இல்லை. ஆனால் எதைக் கேட்கப் போகிறோம் என்று தெரியாமலே போனோம், அதுதான் தவறு.

முதலில் பைல் விஷயம். இரண்டாவது இடத்துக்குப் போனபோது என் கையில் இருந்தது கடைசி ஸ்கேன் மட்டும். கருக்குழாய் அடைப்பு பார்க்கும் எக்ஸ்ரே அம்மா வீட்டு பீரோவில் கிடந்தது. புது டாக்டர் என்ன செய்வார்? திரும்ப எடுக்கச் சொன்னார். அந்த வலி தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது. எக்ஸ்ரே படம், லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளை போட்டு கேமராவால் உள்ளே பார்ப்பது) செய்திருந்தால் அதன் சிடி எல்லாம் வேண்டும். ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்து, லேபில் கருவாக்கி, கர்ப்பப்பையில் வைப்பது) முடிந்தவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் தாளில் பெரும்பாலும் இரண்டு வரிதான் இருக்கும். நாம் கேட்டு வாங்க வேண்டியவை இவை: எந்த ஊசி, என்ன அளவு, எத்தனை நாள். எத்தனை முட்டை எடுத்தார்கள், அதில் முதிர்ந்தவை எத்தனை, கருவானவை எத்தனை. மூன்றாம் நாள் கருவா ஐந்தாம் நாள் கருவா, அதன் தரம் என்ன. வைத்த அன்று கர்ப்பப்பை உள்சுவர் எத்தனை மில்லிமீட்டர் தடிமன். இவ்வளவும் இல்லாமல் "ஒட்டலை" என்று மட்டும் போய்ச் சொன்னால், எதிரே இருப்பவர் ஊகம்தான் செய்ய முடியும். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 ஒழுங்கு விதிகளின்படி, நோயாளி தன் சிகிச்சைப் பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு.

அடுத்தது, மறைப்பது. பழைய டாக்டரைப் பற்றிச் சொன்னால் புதியவர் கோபித்துக்கொள்வாரோ என்று முதல் இடத்தில் செய்த மூன்று ஐயூஐயைப் (விந்தணுவை நேராகக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது) பற்றி நாங்கள் வாயே திறக்கவில்லை. விளைவு, இங்கேயும் முதலிலிருந்து மாத்திரை, பாலிக்குலர் ஸ்டடி (முட்டை வளர்வதைப் பார்க்கும் தொடர் ஸ்கேன்), இன்னும் மூன்று ஐயூஐ. கிட்டத்தட்ட ஒரு வருடம் போயிற்று. அப்போது எனக்கு வயது 34. 35 வயதுக்கு மேல் ஆறு மாதம் முயன்றும் நிற்காவிட்டாலே பரிசோதனைக்கு வரச் சொல்கிறார்கள். அந்த வயதை நெருங்கும்போது ஒரு வருடத்தைச் சும்மா கொடுத்துவிட்டு வந்தோம்.

நேரம் பார்க்காமல் ஓடுவதையும் சொல்ல வேண்டும். ஐவிஎஃப் ஊசி ஏறக்குறைய பத்து நாள் ஓடும். கடைசி ஊசி போட்டு 36 மணி நேரம் போல ஆனதும் முட்டை எடுத்தாக வேண்டும். "ஏழாம் நாள் ஸ்கேன்ல முட்டை கம்மியா தெரியுது" என்று நடுவில் கிளம்பி வேறு இடத்தில் கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். கேட்க வேண்டிய தருணங்கள் வேறு: ஐவிஎஃப் ஆரம்பிக்கும் முன், ஒரு சுற்று தோற்ற பிறகு, தானமுட்டை என்ற பேச்சு வரும்போது. முக்கியமாக, ஆபரேஷனுக்கு முன். சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கி உண்டாகும் சாக்லேட் கட்டியை எடுக்கும்போது அதோடு சேர்ந்து முட்டை இருப்பும் குறையக்கூடும். கத்தி வைத்த பிறகு கேட்டு என்ன பயன்?

கணவர் வராமல் இருப்பதைப் பற்றிப் பேசினால் பல வீடுகளில் சண்டை வரும், இருந்தாலும் சொல்கிறேன். குழந்தையின்மையில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கமும் காரணம் இருக்கிறது. ஆனால் ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த ஒரே ஒரு விந்தணு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மனைவி மட்டும் ஊர் ஊராக அலைகிறாள். விந்தணு உருவாகி வர சுமார் இரண்டரை மாதம் ஆகும். இடையில் காய்ச்சல் வந்திருந்தால்கூட எண்ணிக்கை மாறும். அதனால் ஒரு முறை குறைவாக வந்தால், சுமார் மூன்று மாத இடைவெளி விட்டுத் திரும்பப் பார்க்க வேண்டும். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1999-இல் ஒரு மில்லிக்கு 2 கோடி என்று வைத்திருந்த கீழ் அளவை 2010-இல் ஒன்றரைக் கோடி என்றும், 2021-இல் 1.6 கோடி என்றும் மாற்றியது. பழைய தாளையே அச்சடிக்கும் லேபில் 1.7 கோடி "குறைவு", இன்னொன்றில் அதே எண் "நார்மல்". முட்டை இருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனையான ஏஎம்எச்-உம் அப்படித்தான். துபாயிலோ சிங்கப்பூரிலோ எடுத்த ரிப்போர்ட்டில் அலகு வேறாக இருக்கலாம். அங்கே 7 என்பது இங்கே வழக்கமாகப் போடும் அலகில் ஏறக்குறைய 1. எண்ணை மட்டும் போனில் படித்துக் காட்டிக் கருத்து கேட்டால் வம்புதான்.

"எங்ககிட்ட 70 சதவீதம் வெற்றி" என்பதைக் கேட்டு மயங்குவது இன்னொன்று. எதை வெற்றி என்கிறார்கள்? ரத்தப் பரிசோதனை பாசிட்டிவா, இதயத் துடிப்பா, கையில் குழந்தையா? என் வயதுக்காரர்களிடம் எவ்வளவு? இந்தக் கேள்விக்கு முகம் சுளிப்பவர்களிடம் எச்சரிக்கையாக இருக்கலாம். செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் 2021-இன் கீழ் பதிவு இருக்கிறதா என்பதையும் கூடவே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், அதிகமாகச் செய்பவரே நல்ல டாக்டர் என்ற நினைப்பு. கர்ப்பப்பையின் உள்சுவரை லேசாகக் கீறிவிட்டால் கரு ஒட்டும் என்றார்கள். ஐந்து நாடுகளில் 1,300-க்கும் மேற்பட்ட பெண்களிடம் செய்து 2019-இல் வெளியான ஆய்வில், கீறினாலும் கீறாவிட்டாலும் குழந்தை பிறந்த விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பில்லில் புதிதாக ஒரு வரி ஏறினால், "இதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று கேளுங்கள்.

எங்களுக்கு இரண்டாவது இடத்தில் செய்த ஐவிஎஃப் தோற்றது. மூன்றாவது டாக்டரிடம் போகும்போதுதான் புத்தி வந்து, தேதிவாரியாக அடுக்கிய பைலோடும் ஒரே ஒரு கேள்வியோடும் போனோம்: "அடுத்து என்ன மாத்தணும்?" இருபது நிமிடம் படித்தார். "அங்க உங்க கரு ரெண்டு உறைய வச்சிருக்காங்களே. அதை இடம் மாத்தறதுக்கு சட்டப்படி அனுமதி, பேப்பர்னு நிறைய வேலை இருக்கு. அங்கேயே போய் அதை முதல்ல வைங்க. மருந்துல இந்த ஒரு மாற்றம் மட்டும் கேட்டுப் பாருங்க" என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கன்சல்டிங் ஃபீஸ் மட்டும் வாங்கினார்கள், ஒரு டெஸ்ட்கூட எழுதவில்லை.

பயந்துகொண்டேதான் பழைய இடத்துக்குத் திரும்பிப் போனோம். அங்கே இருந்த டாக்டர் அம்மா தாளை வாங்கி இரண்டு முறை படித்தார். கோபம் இல்லை. "இந்த மாத்திரை உங்களுக்கு ஒத்துக்கும்னு நினைக்கிறேன்" என்று சொல்லி, தாளை எங்கள் பைலிலேயே கோர்த்துவிட்டு, அடுத்த பீரியட்ஸின் இரண்டாம் நாள் வரச் சொன்னார்.