எந்த ஸ்ரீகாந்த்? ஒரே பெயர்க்காரர்களைக் குழப்பாமல் பிரித்தெழுதுவது எப்படி

'விஜய் படத்தில் ஸ்ரீகாந்த்' என்று ஒரு வரி வருகிறது. 2005-ல் வந்த 'சிவகாசி' என்றால் அவர் இசையமைத்த ஸ்ரீகாந்த் தேவா. 2012-ல் வந்த 'நண்பன்' என்றால் கூட நடித்த தமிழ் நடிகர் ஸ்ரீகாந்த். 2023-ல் வந்த 'வாரிசு' என்றால் அண்ணனாக நடித்த தெலுங்கு நடிகர் ஸ்ரீகாந்த். ஆள் மூன்று, பெயர் ஒன்று. படத்துக்கு அடிக்குறிப்பு எழுதுபவர், விநாடி வினா தொகுப்பவர், விக்கிப்பீடியாவில் கட்டுரை திருத்துபவர் என எல்லோரும் ஒரு முறையாவது இடறும் இடம் இது.

சினிமாவும் விளையாட்டும் கலந்தால் சிக்கல் இன்னும் முற்றும். இரண்டிலும் ஆட்களைச் செல்லப்பெயராலோ ஒற்றைப் பெயராலோதான் அழைக்கிறோம். ஸ்ரீகாந்தையே எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்க்கலாம். கார்த்திக், விஜய், அர்ஜுன், லட்சுமி எந்தப் பெயருக்கும் இதே வழிதான்.

முதலில் ஒரு தாள்

எழுதத் தொடங்கும் முன் அந்தப் பெயரில் தெரிந்த எல்லோரையும் ஒரே தாளில் கொண்டுவர வேண்டும். நமக்கு வேண்டியவர் ஒருவர்தானே என்று அவரை மட்டும் தேடினால், கிடைக்கிற தகவலில் பக்கத்து வீட்டுக்காரருடையதும் சேர்ந்து வந்துவிடும். ஒவ்வொருவருக்கும் நான்கு விவரம் போதும்: முழுப்பெயர், பிறந்த ஆண்டு, வெளியுலகுக்குத் தெரியவந்த ஆண்டு, அப்போது என்ன செய்தார். நமது தாள் இப்படி இருக்கும்.

கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், கிரிக்கெட். பிறப்பு 1959, இந்திய அணியில் 1981. 1983 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் 38 ரன் எடுத்தார். இரண்டு அணியிலும் அன்று அதற்கு மேல் யாரும் எடுக்கவில்லை.

'வெண்ணிற ஆடை' ஸ்ரீகாந்த், நடிகர். 1965-ல் அந்தப் படத்தில் அறிமுகம், 2021-ல் மறைவு.

தமிழ் நடிகர் ஸ்ரீகாந்த். பிறப்பு 1979, 'ரோஜாக்கூட்டம்' 2002.

தெலுங்கு நடிகர் ஸ்ரீகாந்த். பிறப்பு 1968, குடும்பப் பெயர் மேகா. 1991 முதல் திரையில், 'பெள்ளி சந்தடி' 1996.

கிடாம்பி ஸ்ரீகாந்த், பாட்மின்டன், ஆந்திரா. பிறப்பு 1993. 2014 சீன ஓப்பன் இறுதியாட்டத்தில் லின் டானை வென்றார். 2018 ஏப்ரலில் உலகின் முதல் இடம்.

ஸ்ரீகாந்த் தேவா, இசையமைப்பாளர். இசையமைப்பாளர் தேவாவின் மகன், 2000 முதல் திரையில்.

தாளில் 'பிரபலமானவர்', 'மூத்தவர்' போன்ற சொற்களுக்கு இடமில்லை. யாருக்குப் பிரபலம், எந்த ஆண்டில் மூத்தவர் என்பதெல்லாம் வாசகருக்கு வாசகர் மாறும். ஆண்டு மாறாது.

முதலெழுத்தை நம்பாதீர்கள்

தமிழர்களுக்கு முதலெழுத்து மீது அபாரமான நம்பிக்கை உண்டு. பி.எஸ். சந்திரசேகர் என்றால் 242 டெஸ்ட் விக்கெட் எடுத்த மைசூர் சுழற்பந்து வீச்சாளர். வி.பி. சந்திரசேகர் என்றால் தமிழ்நாட்டின் தொடக்க ஆட்டக்காரர். எஸ்.ஏ. சந்திரசேகர் என்றால் திரைப்பட இயக்குநர், விஜய்யின் அப்பா. இந்த மூவர் விஷயத்தில் முதலெழுத்தே முடிவு கட்டிவிடுகிறது.

ஸ்ரீகாந்தில் அது காலை வாரும். கிரிக்கெட்காரரும் கே. ஸ்ரீகாந்த், பாட்மின்டன்காரரும் கே. ஸ்ரீகாந்த். ஆங்கிலத்தை விட்டுத் தமிழ் முதலெழுத்துக்குப் போனாலும் கிருஷ்ணமாச்சாரிக்கும் 'கி', கிடாம்பிக்கும் 'கி'. ஆனால் இரண்டும் ஒரே வகை எழுத்து அல்ல. முதலாவது தந்தை பெயர், இரண்டாவது தெலுங்கு வழக்கப்படி முன்னால் வரும் வீட்டுப்பெயர். அதனால் 'கிருஷ்ணமாச்சாரி சதம் அடித்தார்' என்று எழுதினால் தந்தையை ஆட அனுப்பிவிட்டோம் என்று பொருள். 'கிடாம்பி வென்றார்' என்றால் அது குடும்பப் பெயரால் சுட்டுவது, தவறில்லை. ஆட்ட முடிவுப் பலகைகளில் 'ஸ்ரீகாந்த் கிடாம்பி' என்று திருப்பிப் போட்டிருப்பதைப் பார்த்து இன்னொருவர் என்று நினைத்துவிடக் கூடாது.

முதலெழுத்து மோதினால் அதை விரித்து எழுதுவதுதான் ஒரே வழி. ஒரு முறை விரித்தால் போதும், பிறகு ஸ்ரீகாந்த் என்றே தொடரலாம்.

அடைமொழியைத் தேர்ந்தெடுப்பது

இந்த விஷயத்தில் தமிழ் சினிமாவுக்குப் பழைய, நல்ல பழக்கம் ஒன்று இருக்கிறது: அறிமுகப் படத்தையே பெயருக்கு முன்னால் ஒட்டிவிடுவது. 'வெண்ணிற ஆடை' என்ற ஒரே படம் ஸ்ரீகாந்த், நிர்மலா, மூர்த்தி மூவருக்கும் அடைமொழியானது. எஸ். ஜானகி பாடகி, வி.என். ஜானகி நடிகை, பின்னாளில் முதலமைச்சர். 'சௌகார்' படத்தில் நடித்த இன்னொரு ஜானகி சௌகார் ஜானகி ஆனார். கன்னடத்தில் வெறும் ரம்யாவாக இருப்பவர் இங்கே குத்து ரம்யா.

சில பேருக்கு மோதல் வருமுன்பே பெயரை மாற்றி வைத்தார்கள். சிவாஜி ராவ் என்ற இளைஞர் நடிக்க வந்தபோது சிவாஜி கணேசன் உச்சத்தில் இருந்தார். கே. பாலசந்தர் ரஜினிகாந்த் என்று பெயர் சூட்டினார். 1976-ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைக்க வந்த ராஜாவின் முன்னால் 'இளைய' சேர்ந்தது, ஏ.எம். ராஜா ஏற்கெனவே இருந்ததால்.

ஆக, அடைமொழி தேடும்போது மக்கள் வாயில் ஏற்கெனவே புழங்குவதை முதலில் எடுங்கள். அது இல்லையென்றால் பலரும் அறிந்த ஒரு படைப்பு அல்லது ஆட்டம். அதுவும் இல்லையென்றால் மொழியோ ஊரோ. பிறந்த ஆண்டு கடைசி வழி. குழப்பமே வராது, ஆனால் படிக்க வறட்சியாக இருக்கும். நீங்களாகப் புதிதாக ஒரு பட்டம் செய்து ஒட்டாதீர்கள். அது நாலு இடத்தில் நகலாகி, சில மாதங்களில் அதுவே அவர் பெயர் என்று திரும்பி வரும்.

தொழிலை அடைமொழியாக்குவது எளிது, ஆனால் அரைகுறைப் பாதுகாப்புதான். டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ் 1983-ல் ஜேம்ஸ் பாண்ட் படத்தில் நடித்தார். இர்பான் பதான் 'கோப்ரா'வில் வந்தார், ஹர்பஜன் சிங் 'ஃப்ரெண்ட்ஷிப்'பில் நாயகன். கூடைப்பந்து மைக்கேல் ஜோர்டானும் 1996-ல் 'ஸ்பேஸ் ஜாம்' படத்தில் நடித்தவர்தான். அதனால் 'நடிகர் மைக்கேல் ஜோர்டான்' என்பது 1987-ல் பிறந்த மைக்கேல் பி. ஜோர்டானை உறுதியாகக் காட்டாது. அந்த 'பி'யை விடாமல் எழுதினால் காட்டும். தமிழில் அதைச் சில்லறை என்று வெட்டிவிடுகிறோம். வெட்டக் கூடாத எழுத்து அது ஒன்றுதான். இரண்டு ஸ்ரீகாந்தும் நடிகர் என்னும் இடத்தில் தொழில் அடைமொழி மொத்தமாகவே கைகொடுக்காது.

ஆண்டை வைத்துச் சோதிப்பது

ஒரு செய்தி யாருடையது என்று தெரியாதபோது, அந்த நிகழ்வின் ஆண்டை எடுத்துத் தாளில் உள்ள ஒவ்வொருவரின் அறிமுக ஆண்டோடு ஒப்பிடுங்கள். 'தங்கப்பதக்கம்' 1974. அதில் சிவாஜியின் மகனாக வரும் ஸ்ரீகாந்த் யார்? தமிழ் நடிகர் பிறந்ததே 1979-ல், தெலுங்கு நடிகருக்கு அப்போது ஆறு வயது. மிஞ்சுபவர் ஒருவரே. 1978-ன் 'பைரவி'யில் ரஜினிக்கு வில்லனாக வந்தவரும் அவரே. பாதிக் குழப்பம் இந்த ஒரு கழித்தலில் தீர்ந்துவிடும்.

தீராத பாதி, ஒரே காலத்தவர்கள். 2002-க்குப் பிறகு தமிழில் ஒரு ஸ்ரீகாந்த், தெலுங்கில் இன்னொரு ஸ்ரீகாந்த் என இருவர் ஒரே நேரத்தில் நடித்துக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஆண்டு உதவாது. பெயர்ப் பட்டியலில் அவருக்கு முன்னும் பின்னும் யார், படம் எந்த மொழியில் எடுக்கப்பட்டது, பிறகு எதில் மொழிமாற்றப்பட்டது என்று பார்க்க வேண்டும். தெலுங்குக்காரர்கள் இதற்கு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அங்கே தமிழ் ஸ்ரீகாந்தின் பெயர் ஸ்ரீராம். ஆகவே தெலுங்குப் பட்டியலில் ஸ்ரீகாந்த் என்றிருந்தால் நம்மவர் இல்லை, ஸ்ரீராம் என்றிருந்தால் நம்மவராக இருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் ஸ்ரீராம் என்ற பெயரில் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராம் தொடங்கிப் பாடகர் சித் ஸ்ரீராம் வரை இன்னொரு தாள் நிரம்பும்.

அதே பெயர் காலத்துக்குக் காலம் வேறு ஆளைக் குறிப்பதும் உண்டு. பிரேசில் கால்பந்து இதற்குச் சரியான பாடம். 1994 உலகக் கோப்பை அணியில் ரொனால்டோ என்ற பெயருடைய தடுப்பாட்டக்காரர் இருந்தார். அவரை ரொனால்டாவ் என்றும், அதே அணியில் அதே பெயரோடு இருந்த 17 வயதுப் பையனை ரொனால்டினோ என்றும் அழைத்தார்கள். முதலாவது 'பெரிய ரொனால்டோ', இரண்டாவது 'சின்ன ரொனால்டோ'. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் ரொனால்டோ கியாரோ அணியில் இருந்ததால் அந்தப் பையன் சட்டையில் மறுபடியும் ரொனால்டினோ. 1999-ல் இன்னும் இளைய ஒருவர் வந்ததும் அந்தச் செல்லப்பெயர் அவருக்குப் போனது, பழைய சின்னவர் முழு ரொனால்டோ ஆனார். 2002 உலகக் கோப்பையை இருவரும் சேர்ந்து வென்றார்கள். ஆக, 1996 படத்தில் 'ரொனால்டினோ' என்று சட்டையில் இருப்பதைப் பார்த்து அப்படியே அடிக்குறிப்பு எழுதினால் தவறு. சட்டையில் இருப்பதைவிட ஆண்டை நம்புங்கள். போர்ச்சுகலின் கிறிஸ்டியானோவை 'ரொனால்டோ' என்று மட்டும் எழுதுவது 2002-க்கு முந்தைய செய்தியில் ஒருபோதும் பொருந்தாது.

தேடும்போது நழுவும் இடம்

'ஸ்ரீ' கணினியில் இரண்டு விதமாகத் தட்டச்சாகிறது. ஸகரத்தில் தொடங்குவது ஒன்று, ஶகரத்தில் தொடங்குவது இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றுபோலவே தெரியும், ஆனால் கணினிக்கு இரண்டும் வேறு சொல். பட்டியலில் கண்ணுக்குத் தெரிகிற பெயர் தேடலில் அகப்படவில்லை என்றால் முதல் சந்தேகம் இங்கேதான் போக வேண்டும். இதற்கு மேல் 'சிறீகாந்த்' என்று எழுதுபவர்களும் உண்டு. ஆகத் தமிழில் மூன்று தேடல். கிடாம்பியைக் கிதாம்பி என்று எழுதுவதும் நடக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்தில் தேடினால் நிலைமை தலைகீழ். கிரிக்கெட் ஸ்ரீகாந்த் தன் பெயரில் இரண்டு 'கே' போட்டு எழுதுவார், மற்றவர்கள் ஒன்று. அங்கே எழுத்துக்கூட்டலே ஆளைக் காட்டிவிடும். தமிழில் எழுதும்போது அந்த அடையாளம் கரைந்துபோகிறது. அவருடைய மகன் அனிருத்தா, கிரிக்கெட்காரர். கடைசி 'தா'வை விட்டுவிட்டால் இசையமைப்பாளர் அனிருத் ஆகிவிடுவார். கார்த்தி, கார்த்திக் கதையும் இதேதான்: ஒரு 'க்' போனால் சிவகுமாரின் மகன், வந்தால் முத்துராமனின் மகன்.

சீனப் பெயர்களில் எழுத்து வடிவமும் காப்பாற்றாது. 2011 பிரெஞ்சு ஓப்பனை வென்ற டென்னிஸ் லி நா, 2000 ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற டைவிங் லி நா, அந்த நாட்டின் பாடகி லி நா மூவருக்கும் சீன எழுத்தும் ஒன்றேதான். அங்கே விளையாட்டையோ துறையையோ சேர்க்காமல் ஒரு வரிகூட எழுதக் கூடாது. கொரியப் பெண்கள் கோல்ஃப் சங்கம் இந்தத் தலைவலிக்கு எண்ணையே போட்டுவிட்டது. 2019 அமெரிக்க மகளிர் ஓப்பனை வென்றவரின் பெயர் லீ ஜியோங் உன் 6. அங்கே அந்தப் பெயரில் பதிவான ஆறாவது ஆள். 6 அச்சுப்பிழை என்று நினைத்து நீக்கிவிடாதீர்கள்.

ஹாலிவுட்டில் நடிகர் சங்கமே ஒரே பெயரில் இருவரைப் பதிய விடாது. மைக்கேல் கீட்டனின் பிறப்புப் பெயர் மைக்கேல் டக்ளஸ், எம்மா ஸ்டோன் பிறப்பால் எமிலி ஸ்டோன். ஆனால் அந்த வேலி சங்கத்துக்குள் மட்டும். 1980-ல் மறைந்த அமெரிக்க நடிகர் ஸ்டீவ் மெக்வீனுக்கும் 1969-ல் பிறந்த பிரிட்டிஷ் இயக்குநர் ஸ்டீவ் மெக்வீனுக்கும் நடுவே எந்த வேலியும் இல்லை.

எழுதும்போது

முதல் முறை பெயர் வரும் இடத்தில் அடைமொழியோடு முழுப்பெயர். அதே கட்டுரையில் இன்னொரு ஸ்ரீகாந்த் நுழையாதவரை பிறகு வெறும் பெயர். இன்னொருவர் நுழைந்துவிட்டால் இருவருக்கும் கடைசிவரை அடைமொழி வேண்டும், ஒருவருக்கு மட்டும் போட்டால் போதாது. தலைப்பில் இடமில்லை என்று வெறும் 'ஸ்ரீகாந்த்' போடுவதே பெரும்பாலான தவறுகளின் பிறப்பிடம். பெயரைக் குறைக்காதீர்கள், வினையைக் குறையுங்கள்: 'கிடாம்பி ஸ்ரீகாந்த் தோல்வி' மூன்றே சொல்.

விக்கிப்பீடியாவில் என்றால் வெறும் பெயர் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கமாக, அதாவது அந்தப் பெயருடைய எல்லோரின் கட்டுரைக்கும் வழிகாட்டும் பட்டியலாக, இருக்க வேண்டும்; ஒவ்வொரு கட்டுரைத் தலைப்பிலும் அடைப்புக்குறிக்குள் அடையாளம். இரண்டு நடிகர்கள் இருந்தால் 'நடிகர்' போதாது, மொழியையோ ஆண்டையோ சேர்க்க வேண்டும். புதிதாக ஒருவரைச் சேர்த்த கையோடு, பழைய கட்டுரைகளில் வெறும் பெயருக்குக் கொடுத்திருக்கும் இணைப்புகளைத் திறந்து பாருங்கள். ஷட்டில்காக் அடிப்பவரின் பக்கத்துக்குத் 'தங்கப்பதக்கம்' படத்திலிருந்து ஒரு இணைப்பு போய்க்கொண்டிருந்தால், பதக்கம் என்ற சொல்லைப் பார்த்து யாரோ நம்பிவிட்டிருக்கிறார்கள்.

படம் தேர்ந்தெடுப்பது கடைசி வேலை. தேடுபொறி முதலில் காட்டும் முகம் இன்று அதிகம் தேடப்படுபவருடையது, நீங்கள் கேட்டவருடையதாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மறைவுச் செய்திக்குப் படம் போடும்போது இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபாருங்கள். வேறு எந்தப் பிழையையும் மறுநாள் திருத்திவிடலாம்; உயிரோடிருப்பவரின் படம் அஞ்சலியில் வந்துவிட்டால் அவர் வீட்டுத் தொலைபேசி அன்று முழுக்க ஓயாது.