கண்ட்ரோலுக்குள் கண்ட்ரோல்: ஒன்று மற்றதை எப்படிக் கூப்பிடுவது?

விண்டோஸ் ஃபார்ம்ஸில் (விண்டோஸ் ஜன்னல்களைக் கட்ட உதவும் டாட்நெட் கருவித்தொகுப்பு), சி ஷார்ப்பில் முதன்முதலாக இரண்டு யூசர் கண்ட்ரோல் (நாமே சேர்த்துக் கட்டிய திரைத் துண்டு) செய்தவர் எல்லோரும் வந்து நிற்கிற இடம் இது. ஃபார்மில், அதாவது ஜன்னலில், ஒரு பேனல். அதற்குள் இரண்டு யூசர் கண்ட்ரோல்கள். ஒன்றின் பெயர் தேடல்கட்டம். உள்ளே ஒரு டெக்ஸ்ட் பாக்ஸ். இன்னொன்று பட்டியல்கட்டம், உள்ளே ஒரு லிஸ்ட் பாக்ஸ். மேலே சொல்லைத் தட்டத் தட்ட, கீழே பட்டியல் சுருங்க வேண்டும். ஆனால் இரண்டும் தனித்தனிக் கோப்பில் எழுதிய கிளாஸ்கள். ஒன்றுக்கு மற்றது இருப்பதே தெரியாது.

(பெயர்களைத் தமிழில் வைத்திருக்கிறேனே என்று யோசிக்க வேண்டாம். சி ஷார்ப் கம்பைலர் தமிழ் எழுத்துப் பெயர்களை ஏற்கும்.)

உடனே கை போகிற வழி ஒன்று உண்டு. தேடல்கட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு பேரன்ட்.பேரன்ட் என்று (பேரன்ட் என்றால் தன்னைச் சுமக்கும் கண்ட்ரோல்) மேலே ஏறி, கிடைத்ததை ஃபார்மாக காஸ்ட் செய்து, அதாவது இது ஃபார்ம்தான் என்று சொல்லி, அங்கிருந்து பட்டியலைப் பிடிப்பது. தாத்தாவைக் கூப்பிடுகிற பேரன் மாதிரி. வேலை செய்யும். நானும் அப்படித்தான் எழுதினேன். சில நாள் கழித்து, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று தேடல்கட்டத்தைச் சுற்றி ஒரு குரூப் பாக்ஸ் போட்டேன். கோடில் ஒரு வரியும் தொடவில்லை. ஓட்டினால் இன்வேலிட் காஸ்ட் எக்ஸெப்ஷன். பேரன்ட் இப்போது குரூப் பாக்ஸ், பேரன்ட்.பேரன்ட் பேனல். பேனலைப் போய் ஃபார்ம் என்று சொன்னால் எப்படி ஒப்புக்கொள்ளும்? கம்பைலரும் முன்கூட்டி எச்சரிக்காது. பேரன்ட் வெறும் கண்ட்ரோல் வகை என்பதால், அதை ஃபார்மாக காஸ்ட் செய்வது அதன் கண்ணுக்குச் சரியான கோடுதான்.

ஃபைண்ட்ஃபார்ம் என்ற மெத்தட் இருக்கிறதே என்பீர்கள். எத்தனை அடுக்கு இருந்தாலும் ஏறி ஃபார்மைக் கொண்டுவரும், உண்மை. ஆனால் தேடல்கட்டத்துக்கு அந்த ஒரு ஃபார்மின் பெயர் தெரிந்தே ஆக வேண்டும். வேறு ஃபார்மில் வைத்தால் உதவாது. இன்னொன்று, பேரன்ட், ஃபைண்ட்ஃபார்ம் இரண்டையும் கன்ஸ்ட்ரக்டரில் (கண்ட்ரோல் உருவாகும்போதே ஓடும் கோடு) கூப்பிட்டால் நல் தான், அதாவது ஒன்றுமில்லை என்பதுதான், கிடைக்கும். கண்ட்ரோல் முதலில் உருவாகிறது, பிறகுதான் பேனலின் கண்ட்ரோல்ஸ் பட்டியலில் சேர்க்கப்படுகிறது. பிறக்கிற நேரத்தில் அதற்குப் பேரன்ட் கிடையாது.

சரி, திருப்பிப் போடுவோம். பிள்ளை மேலே ஏற வேண்டாம், குரல் கொடுத்தால் போதும்.

படி 1. தேடல்கட்டத்தில் இரண்டே விஷயங்களை வெளியே காட்டுங்கள். சொல் என்று ஒரு ப்ராப்பர்ட்டி. படிக்க மட்டும், டெக்ஸ்ட் பாக்ஸில் இருப்பதைத் திருப்பிக் கொடுக்கும். சொல்மாறியது என்று ஒரு ஈவன்ட் (நடந்ததைக் கேட்பவர்களுக்குச் சொல்லும் குரல்), ஈவன்ட்ஹேண்ட்லர் வகை. டெக்ஸ்ட் பாக்ஸின் டெக்ஸ்ட்சேஞ்ச்ட் ஈவன்டில் இதைக் கிளப்பிவிடுங்கள். டிசைனரில் (விஷுவல் ஸ்டுடியோவில் ஃபார்மை வரையும் இடம்) மாடிஃபையர்ஸ் என்ற இடத்தில் டெக்ஸ்ட் பாக்ஸையே பப்ளிக் ஆக்க ஆசை வரும். வேண்டாம். நாளைக்கு அதை காம்போ பாக்ஸாக மாற்றினால், தொட்ட இடமெல்லாம் உடையும்.

படி 2. பட்டியல்கட்டத்தில் வடிகட்டு என்று ஒரு மெத்தட். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. பொருந்தாத வரிகளை லிஸ்ட் பாக்ஸிலிருந்தே நீக்கிவிட்டால், சொல்லை அழித்த பிறகு அவை திரும்பி வராது. முழுப் பட்டியலையும் தனியாக ஒரு லிஸ்ட்டில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் லிஸ்ட் பாக்ஸைக் காலி செய்து அதிலிருந்து நிரப்புங்கள். முன்னால் பிகின்அப்டேட், பின்னால் எண்ட்அப்டேட் போட்டால் திரை மினுங்காது.

படி 3. இரண்டையும் சேர்த்து வைப்பது ஃபார்மின் வேலை. கன்ஸ்ட்ரக்டரில், இனிஷியலைஸ்காம்போனன்ட் வரிக்குக் கீழே:

தேடல்கட்டம்.சொல்மாறியது += சொல்மாறியபோது;

ஃபார்மில் சொல்மாறியபோது என்ற மெத்தட் எழுதி, அதற்குள் ஒரே வரி:

பட்டியல்கட்டம்.வடிகட்டு(தேடல்கட்டம்.சொல்);

அவ்வளவுதான். இப்போது குரூப் பாக்ஸை மாட்டிப் பாருங்கள், கழற்றிப் பாருங்கள், எதுவும் ஆகாது. எத்தனை பேனலுக்குள் வைத்தாலும் டிசைனர் ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் ஃபார்மிலேயே ஒரு ஃபீல்டு வைக்கிறது. அதைப் பிடிக்க ஏறி இறங்க வேண்டியதே இல்லை.

இதற்கு ஓர் எல்லை உண்டு. தேடல்கட்டம் இன்னொரு யூசர் கண்ட்ரோலுக்குள் போய்விட்டால், அந்த ஃபீல்டு நடுவில் இருப்பவரிடம்தான் இருக்கும், ஃபார்முக்குத் தெரியாது. நடுவில் இருப்பவர் ஈவன்டைக் கேட்டுத் தானும் ஒன்று கிளப்ப வேண்டும். ஓர் அடுக்கு என்றால் பரவாயில்லை. மூன்று அடுக்கு என்றால் ஒரே சேதியை மூன்று பேர் கைமாற்றுகிற கூத்து.

அப்போது கண்ட்ரோலைப் பகிர்வதை விட்டுவிட்டுத் தகவலைப் பகிருங்கள். தேடல்நிலை என்று ஒரு சாதாரண கிளாஸ். அதில் சொல், அது மாறினால் சொல்மாறியது என்ற ஈவன்ட். ஃபார்ம் இதில் ஒன்றை உருவாக்கி, வேண்டிய கண்ட்ரோல்களுக்கு நிலை என்ற ப்ராப்பர்ட்டி வழியாகக் கொடுக்கும். நடுவில் இருப்பவர் வாங்கி உள்ளே கொடுப்பார். கன்ஸ்ட்ரக்டர் வழியாகக் கொடுக்கலாமே என்றால், டிசைனருக்கு உள்ளீடு எதுவும் கேட்காத கன்ஸ்ட்ரக்டர் வேண்டும், அதனால்தான் ப்ராப்பர்ட்டி. அதன் தலையில் டிசைனர்சீரியலைசேஷன்விசிபிலிட்டி ஆட்ரிபியூட்டை ஹிடன் என்று போடுங்கள். இந்த மதிப்பை டிசைனர் கோடில் எழுதிவைக்க வேண்டாம் என்று அதற்குப் பொருள். டாட்நெட் 9-இல் போடாமல் விட்டால் பில்டே பிழை காட்டி நின்றுவிடும்.

அப்புறம், இணைத்ததைப் பிரிப்பது. ஃபார்மே ஈவன்டைக் கேட்ட முதல் முறையில் ஃபார்மும் கண்ட்ரோலும் ஒன்றாகவே போய்விடும்; ஒன்றையொன்று பிடித்திருந்தாலும் டாட்நெட்டின் குப்பை சேகரிப்பான் சேர்த்தே அள்ளும். தேடல்நிலை அப்படியில்லை. முதன்மை ஃபார்ம் இருக்கும்வரை அது இருக்கும். தன் ஈவன்டைக் கேட்ட ஒவ்வொரு கண்ட்ரோலையும் கூடவே உயிரோடு வைத்திருக்கும். ஆகவே கண்ட்ரோலை அப்புறப்படுத்தும்போது ஓடும் டிஸ்போஸ் மெத்தடில்:

நிலை.சொல்மாறியது -= சொல்மாறியபோது;

நிலை நல் இல்லையா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். ப்ராப்பர்ட்டியில் புது நிலை வரும்போதும் பழையதிலிருந்து இப்படியே கழற்றிய பிறகுதான் புதியதில் மாட்ட வேண்டும்.

விட்டுப்போனதா என்று பார்க்க எளிய வழி: நிலையைப் பயன்படுத்தும் சிறு ஜன்னல் ஒன்றைப் பத்து முறை திறந்து மூடுங்கள். பதினோராவது முறை திறந்து, அதன் ஹேண்ட்லரில் (ஈவன்டைக் கேட்கும் சொல்மாறியபோது மெத்தடில்) பிரேக்பாயின்ட், அதாவது ஓட்டம் நிற்கும் குறி, வைத்து, ஒரே ஓர் எழுத்தைத் தட்டுங்கள். ஒரு முறை நின்றால் சரி. பதினோரு முறை நின்றால், அந்தக் கழித்தல் வரி இன்னும் எழுதப்படவில்லை.