கவிழ்த்துப் பார்த்தால் மட்டும் போதாது: பழைய ஸ்காண்டிநேவிய ஸ்டோன்வேர் வாங்கும்போது நேரும் தவறுகள்

1950களின் ஸ்வீடிஷ், டேனிஷ் ஜாடி கையில் கிடைத்தால் எல்லாரும் உடனே அதைக் கவிழ்த்து அடியில் உள்ள பெயரைத்தான் படிக்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பெயர் கண்ணில் பட்டதும் மற்றதெல்லாம் மறைந்துவிடும். முதலில் படிக்க வேண்டியது மண்ணை.

ஸ்டோன்வேர் ஏறக்குறைய 1200 டிகிரிக்கு மேல் சுட்டது. நம் வீட்டு ஊறுகாய் ஜாடி இந்த இனம்தான். கண்ணாடி போன்ற பூச்சு (கிளேஸ்) இல்லாத அடிப்பகுதிகூட நீரைப் பெரிதாக இழுக்காது. குறைந்த சூட்டில் வெந்த ஃபையன்ஸ் அப்படியல்ல, பானை போல ஈரம் குடிக்கும். ஸ்வீடனின் குஸ்தாவ்ஸ்பெர்க் ஆலைக்காக ஸ்டிக் லிண்ட்பெர்க் வடிவமைத்த புகழ்பெற்ற கிண்ணங்கள் பல ஃபையன்ஸ்தான். அவை அழகானவை, ஆனால் ஸ்டோன்வேர் என்று சொல்லி விற்பது தவறு. அடிவளையத்தில் பூச்சு படாத இடத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். சட்டென்று உறிஞ்சிக்கொண்டால் ஸ்டோன்வேராக இருக்க வாய்ப்பு குறைவு.

அடுத்தது வடிவமைத்த ஆண்டையும் செய்த ஆண்டையும் ஒன்றாக எண்ணுவது. பின்லாந்தின் அராபியா ஆலைக்காக உல்லா புரொக்கோப்பே உருவாக்கிய ருஸ்கா வரிசை 1960களின் தொடக்கத்தில் வந்தது. 1990களின் கடைசி வரை சூளையிலிருந்து வந்துகொண்டே இருந்தது. 'அறுபதுகளின் தட்டு' என்ற பேச்சை நம்பி விலை கொடுக்காதீர்கள், முத்திரையின் வடிவத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். டென்மார்க்கின் ராயல் கோப்பன்ஹேகன் பாத்திரத்தில், அந்த ஆலையின் முத்திரையான மூன்று அலைக்கோடுகளின் குறுக்கே கீறல் இருந்தால் அது இரண்டாம் தரம். பலர் அதைத் தேய்மானம் என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள்.

எனக்கு வலித்த தவறு விளிம்பில் நடந்தது. ஸ்டாக்ஹோமில் ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில், முயல் ரோமம் போல மெல்லிய கோடுகள் இறங்கும் பழுப்புப் பூச்சோடு ஒரு குட்டி ஜாடி. அடியில் கையெழுத்து இருந்தது, மகிழ்ந்து வாங்கினேன். வீட்டு ஜன்னல் வெளிச்சத்தில் வாய் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டியபோது, ஒரு நெல்மணி அளவு இடத்தில் மட்டும் குளிர்ச்சி இல்லை, மெழுகு போல வழுக்கியது. கோடுகளும் அங்கே நின்றுவிட்டன. உடைந்ததைப் பிசினால் நிரப்பிப் பெயின்ட் பூசியிருந்தார்கள். அன்றிலிருந்து கண்ணுக்கு முன் விரல்தான். பூச்சின் கோடு இயல்பாக ஓடி அடியில் தடித்து நிற்கிறதா என்று பாருங்கள். குஸ்தாவ்ஸ்பெர்க் கலைஞர் பெர்ன்ட் ஃப்ரிபெர்க் போன்றவர்களின் உழைப்பு அந்தப் பூச்சில்தான் இருக்கிறது. புள்ளி, நிறமாற்றம், லேசான சாய்வு இருந்தால் ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அவை சூளை போட்டவை.

அடியில் துளை இருந்தால் அதன் ஓரத்தைப் பாருங்கள். கூர்மையாக, பூச்சில்லாத வெறும் மண்ணாகத் தெரிந்தால் பின்னாளில் விளக்காக்கத் துளைத்தது. விலை பாதியாவது இறங்க வேண்டும்.

கழுவுவதில் நடக்கும் கொடுமை தனி. வெள்ளைக் கறை என்றால் பெரும்பாலும் கடின நீரின் சுண்ணாம்பு. நீர்த்த வினிகரைக் கொஞ்ச நேரம் ஊற்றி வைத்தால் போய்விடும். எஃகு நார் கூடவே கூடாது, மங்கலான மேட் பூச்சில் விழும் கறுப்புக் கோடு எளிதில் போகாது. எல்லாவற்றையும்விட அர்ஜென்டாவைக் காப்பாற்றுங்கள். குஸ்தாவ்ஸ்பெர்க் கலைஞர் வில்ஹெல்ம் கோகெ 1930 ஸ்டாக்ஹோம் கண்காட்சியில் அறிமுகம் செய்த இந்தப் பச்சை ஸ்டோன்வேரின் மீன்களும் பூக்களும் வெள்ளியால் பதித்தவை. வெள்ளி கறுத்திருக்கிறதே என்று பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் வைத்தாலும், முரட்டு பாலிஷால் தேய்த்தாலும், மெல்லிய செதில் கோடுகள்தான் முதலில் அழியும். மெத்தென்ற துணியால், வெள்ளி மேல் மட்டும், மெதுவாகத் துடையுங்கள். கருமை கொஞ்சம் தங்கினால் தங்கட்டும், மீனின் கண் அதில்தான் தெரிகிறது.