ஓச்சனோமிஸுவில் கிட்டார் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டோக்கியோவில் ஓச்சனோமிஸு ஸ்டேஷனில் இறங்கி மெய்தாய்-தோரி சாலையின் இறக்கத்தில் நடந்தால், கடைக்குக் கடை கிட்டார்தான். ஜப்பானிய மொழி தெரியாமல் போகிறவர்கள் அங்கே திரும்பத் திரும்ப ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். வரி விலக்குக்கு வேண்டிய பாஸ்போர்ட்டை ஓட்டலில் விட்டுப் போவதெல்லாம் சின்ன விஷயம். மறுநாள் போய் வாங்கிக்கொள்ளலாம்.

பளபளப்பைப் பார்த்து நெக்கை மறப்பது

பழைய கிட்டாரின் விலைச் சீட்டில் முதலில் கண்ணில் படுவது கீறல், பெயின்ட் பற்றிய குறிப்பு. கீறல் வாசிப்பைக் கெடுக்காது. தேட வேண்டிய சொற்கள் வேறு. 'ஜுன்ஸோரி' என்றால் நெக் (விரல் வைத்து வாசிக்கும் நீண்ட கழுத்துப் பகுதி) முன்பக்கம் வளைந்திருக்கிறது. 'க்யாகுஸோரி' என்றால் பின்பக்கம். 'நெஜிரே' என்றால் முறுக்கிக்கொண்டிருக்கிறது. முதல் இரண்டையும் நெக்குக்குள் ஓடும் திருகுக் கம்பியான ட்ரஸ் ராட் பார்த்துக்கொள்ளும், ராடில் இன்னும் திருகு மிச்சம் இருந்தால். சீட்டில் 'ராட் யோயூ அரி' என்றிருந்தால் மிச்சம் உண்டு. 'யோயூ நஷி' என்றாலோ 'ஷிமேகிரி' என்றாலோ கடைசி வரை முறுக்கியாகிவிட்டது. மொபைல் கேமரா மொழிபெயர்ப்பு இந்த இடத்தில் "தடிக்கு இடமில்லை" என்கிற மாதிரி எதையோ காட்டும். வாங்குகிறவர் சிரித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். எரிச்சல் வருவது அங்கேதான். அந்த ஒரு வரிக்காகத்தான் விலையே குறைந்திருக்கிறது!

சீட்டில் ஒன்றும் எழுதாவிட்டாலும் கையால் சோதியுங்கள். ஆறாவது ஸ்ட்ரிங்கை முதல் ஃப்ரெட்டிலும் (ஃப்ரெட் என்பது நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டை), நெக் உடலோடு சேரும் ஃப்ரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கம் விசிட்டிங் கார்டு நுழையும் அளவு, அதாவது 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி இருந்தால் சரி. 1 மி.மீ. நெருங்கினால், ராட் மிச்சம் உண்டா என்று கேட்காமல் நகராதீர்கள். இதையே முதல் ஸ்ட்ரிங்கிலும் செய்யுங்கள். ஒரு பக்கம் நேராகவும் மறுபக்கம் வளைந்தும் இருந்தால் அது நெஜிரே. அதை ராட் திருத்தாது.

அகூஸ்டிக்கில் இன்னொன்று உண்டு. சேடில் (உடல்மேல் ஒட்டிய பிரிட்ஜில் ஸ்ட்ரிங்குகளைத் தாங்கும் சின்னத் துண்டு) பிரிட்ஜுக்கு மேலே 2 மி.மீ.கூட நீட்டவில்லை, பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆக்ஷன், அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஸ்ட்ரிங்கின் உயரம், 3 மி.மீ.க்கு மேல் நிற்கிறது என்றால் நெக்கின் கோணமே சரிந்திருக்கிறது. நெக்கைக் கழற்றி மறுபடி ஒட்டும் செலவு பல சமயம் கிட்டார் விலையையே தொட்டுவிடும். டோக்கியோவின் வறண்ட குளிர்காலத்தில் நேராக இருக்கும் நெக், சென்னைக்கு வந்ததும் கட்டாயம் நகரும். ராட் தீர்ந்துபோன கிட்டாரில் அதைச் சமாளிக்க வழியில்லை. ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேலைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள்.

சுவரிலிருந்து தானே எடுப்பது

"ஷிஸோ ஓகே தெஸ் கா?" (வாசித்துப் பார்க்கலாமா) என்று கேட்டால் போதும். கடைக்காரரே எடுத்து, ட்யூன் செய்து கொடுப்பார்.

'ஹகராந்தா'வை சாதாரண மரமென்று நினைப்பது

சாலையோரம் ஊதாப்பூ பூக்கும் ஜகரண்டா அல்ல. ஜப்பானிய கிட்டார் கடைகளில் அந்தச் சொல் பிரேசிலியன் ரோஸ்வுட்டைக் குறிக்கும். அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் ஒப்பந்தத்தில், மிகக் கடுமையான முதல் பட்டியலில் 1992 முதல் இருக்கும் மரம் அது. முறையான அனுமதிச் சீட்டு இல்லாமல் எல்லை தாண்டினால் பறிமுதல் ஆகலாம். மற்ற ரோஸ்வுட்டில் செய்த கிட்டார்களுக்கு 2019 நவம்பர் முதல் அந்தச் சிக்கல் இல்லை.

வரிக் கணக்கைத் தப்பாகப் போடுவது

சீட்டில் 1,10,000 யென் என்றால் அதில் 10% வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. சுற்றுலாப் பயணிக்கான வரி விலக்கில் உங்களுக்குக் குறைவது 11,000 அல்ல, 10,000. 2026 நவம்பர் 1 முதல் கடையில் முழுத்தொகை கட்டிவிட்டு, நாடு திரும்பும்போது கஸ்டம்ஸில் பொருளைக் காட்டினால்தான் வரி திரும்பக் கிடைக்கும். கிட்டாரை செக்-இன் லக்கேஜில் போடுவதற்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.

பேரம்

வேண்டாம். ஒரு செட் ஸ்ட்ரிங் கேட்டுப் பார்க்கலாம்.

ஆம்ப்

அங்கே 100 வோல்ட், இங்கே 230. வாங்காதீர்கள்.